கியர் பாக்ஸில் பால் டீ!

நெய்வேலி மழை தெரியும்தானே? 2015 நவம்பரில் கடலூர் மாவட்டத்தையே மிதக்கவிட்ட பருவமழை! போன ஐப்பசியில், முழங்கால் தண்ணிக்குள்ள அப்பாவோட பழைய கியர் ஸ்கூட்டரை விட்டேன். பாதியில நின்னுச்சு. மெக்கானிக்கல் மூணாவது வருஷமாச்சே... கெத்தா ப்ளக்கைத் துடைச்சு, உதைச்சு, வீட்டுக்கு ஓட்டிட்டேன்.

ஒரே வாரத்துல 'ஙொய்ங்'னு சத்தம். மெக்கானிக் அண்ணன் கியர் ஆயிலை வடிச்சா, பால் டீ கலர்!

"தண்ணி கலந்தா ஆயிலுக்கு வழவழப்பு போயிடும் தம்பி. அன்னிக்கே தள்ளிட்டு வந்திருந்தா ஆயில் மாத்துறதோட முடிஞ்சிருக்கும். இப்போ பேரிங் காலி."

பத்து நாள் அப்பா நைட் ஷிஃப்ட்டுக்கு மழையில சைக்கிள் மிதிச்சார். ஒரு வார்த்தை திட்டலை. அதான் வலிச்சுது.

ஃப்ரெண்ட்ஸ், வண்டி தண்ணியில முங்கினா உதைக்காதீங்க. தள்ளுங்க!