அண்டை அயலாரும் நீரிழிவு நோயும்

நோய் ஒருவர் உடலில் தோன்றுவதாயினும் அதன் சுமை அவ்வுடலோடு நின்றுவிடுவதில்லை. இல்லத்தார்க்கும், சில வேளை தெருவார்க்கும், அதிற் பங்குண்டு. இவ்வுண்மையை யான் நூல்களிற் கற்றதினும் என் அன்னையார் வாயிலாகக் கற்றதே மிகுதி.

எம்மூர் கள்ளக்குறிச்சியினின்று கச்சிராயபாளையம் செல்லும் வழியிலுள்ளதோர் சிற்றூர். மேற்கே நோக்கின் கல்வராயன் மலைத்தொடர் நீலநிறமாய்த் தோன்றும். அரைவைக் காலத்தில் கரும்பேற்றிய வண்டிகள் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையை நோக்கி இரவும் பகலும் சென்றவண்ணமிருக்கும். சர்க்கரையை விளைவித்து ஊர்களுக்கெல்லாம் ஈயும் அவ்விடத்தில், 'சர்க்கரை வியாதி' என்னுஞ் சொல் மட்டும் தாழ்ந்த குரலிலேயே பேசப்பட்டது.

ஆறாண்டுகளுக்கு முன் அன்னையார்க்கு நீரிழிவு உண்டென்று மருத்துவர் கண்டனர். முதலில் மாத்திரையும், பின்னர் இன்சுலின் ஊசியும் விதித்தனர். அதற்குமுன், வளைகாப்பாயினும் பொங்கலாயினும் அயலாரிடமிருந்து பலகாரத் தட்டு எம்மில்லத்திற்கு வரும். செய்தி பரவியபின் தட்டு நின்றது. அவர்கள் தீங்கு நினைந்தாரல்லர். இனிப்பை விலக்குதலே அன்பென்று கருதினர். ஆயினும் இனிப்போடு அழைப்பும் நின்றது. அழைப்போடு பேச்சும் குறைந்தது. "நான் தின்னாவிட்டால் என்ன? என்னை ஒரு வார்த்தை கூப்பிடலாகாதா?" என்று அன்னையார் ஒருநாள் கண்கலங்கினார். நாளடைவில் ஊசியை மறைவிற் போடலானார். சில நாள் போடாமலே விட்டார்.

இத்துயர் அவர் ஒருவர்க்கே உரியதன்று. இந்தியாவில் நீரிழிவுடையோர் ஏறத்தாழ 10 கோடியர் என்றும், தமிழ்நாட்டில் வயது வந்தோருள் நூற்றுக்கு 14 பேர்க்கு மேல் அந்நோயுடையர் என்றும் 2023-இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு கூறிற்று. அன்னோரிடத்து மனச்சோர்வு ஏனையோரினும் இருமடங்கு காணப்படுமென்று 2001-ஆம் ஆண்டின் ஆய்வொன்று காட்டிற்று. மனம் சோர்ந்தார் மருந்தை மறப்பர். மருந்தை மறப்பின் நோய் பெருகும். நோய் பெருகின் மனம் மேலும் சோரும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னுந் திட்டத்தால் மாத்திரை எம் வாயிலுக்கே வந்தது. ஆயினும் அன்னையாரின் தனிமைக்கு மாத்திரையில் மருந்தில்லை.

அம்மருந்து பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. யாங்கள் அத்தையென்றழைக்கும் அம்மையார் பிறந்தகம் மலைமேல் வெள்ளிமலையை அடுத்ததோர் ஊர். ஒருநாள் மாலை வந்து, "அண்ணி, ஏரிக்கரை வரைக்கும் நடந்து வருவோம், வாங்க" என்றார். அன்றுமுதல் அந்நடை நாடோறும் நிகழ்ந்தது. பிறந்தகத்திலிருந்து வந்த சாமையைக் கொடுத்து, அதுவும் மாவுப்பொருளே என்று மருத்துவமனைச் செவிலியார் கூறிய அளவையும் நினைவூட்டுவார். அவரிடம் அன்னையார் ஊசியை மறைக்கவில்லை.

சென்ற மார்கழியில் ஒரு விடியலில் தந்தையார் கரும்புக்கு நீர் பாய்ச்சச் சென்றிருந்தார். எம் வாயிலிற் கோலம் இல்லாமை கண்டு அத்தை உள்ளே புகுந்தார். முன்னிரவு ஊசி போட்டுக்கொண்டு குறைவாக உண்ட அன்னையார், வியர்த்து நடுங்கி, பொருந்தாச் சொற்கள் பேசிக்கொண்டிருந்தார். இரத்தத்திற் சர்க்கரை மிகத் தாழ்ந்தமையின் குறி அது. விழுங்கும் நிலையிலிருத்தலை அறிந்து, மூன்று சிறுகரண்டிச் சர்க்கரையை நீரிற் கரைத்துப் பருகச் செய்தார் அத்தை. கால்மணி நேரத்தில் அறிவு தெளிந்தது. பின் உணவளித்து மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். நோய் மறைக்கப்பட்டிருந்தால் அன்று யாருக்கு என்ன தெரிந்திருக்கும்?

அடுத்து வந்த பொங்கலன்று எம்மில்லத்திற்கு மீண்டும் தட்டு வந்தது. அதிற் சர்க்கரைப் பொங்கல் இல்லை. மொச்சைச் சுண்டல் இருந்தது. வெறுந்தட்டைத் திருப்புதல் எம்மூர் வழக்கன்றாதலின், அன்னையார் அதில் எலுமிச்சம்பழங்கள் வைத்தனுப்பினார்.

மாணவ நண்பர்காள்! விடுமுறையில் நும் ஊர்க்குச் செல்லும்பொழுது, நீரிழிவுடைய அயலாரிடம் "சர்க்கரை எவ்வளவு?" என்று மட்டும் கேளாதீர். "எம்மோடு நடக்க வருகிறீர்களா?" என்றும் கேண்மின்.