தனிப் பந்தி

1976-ஆம் ஆண்டின் தொடக்கம். தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் 29 வயது இளைஞர் ஒருவர் நண்பர்களோடு உட்கார்ந்திருக்கிறார். ஆஸ்கர் பரிந்துரைகளை அறிவித்துக்கொண்டிருக்கிறார்கள். தான் துள்ளிக் குதிக்கப்போகும் கணத்தைப் படம்பிடிக்க ஒரு கேமராவும் தயாராக இருக்கிறது. அவ்வளவு நம்பிக்கை. சிறந்த இயக்குநர் பிரிவின் ஐந்து பெயர்கள் வருகின்றன: ஃபோர்மன், ஆல்ட்மன், குப்ரிக், லூமெட், ஃபெலினி. அவர் பெயர் இல்லை. கைகள் தாமாகக் கன்னத்துக்குப் போகின்றன. அந்தத் துண்டுப் படம் இன்றும் பார்க்கக் கிடைக்கிறது. பார்க்கிறவர்களுக்குக் கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும்.

அந்த இளைஞர் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க். அவர் எடுத்திருந்த 'ஜாஸ்', ஹாலிவுட் அதுவரை கண்ட வசூலையெல்லாம் தாண்டியிருந்தது. சிறந்த படத்துக்கான ஐந்தில் அதற்கு இடம் கிடைத்தது. எடுத்தவருக்குக் கிடைக்கவில்லை. விழாவில் படத்தொகுப்பு, இசை, ஒலி என மூன்று விருதுகளோடு அந்தப் படத்தை அனுப்பிவைத்தார்கள்.

கூட்டம் சேர்க்கிற படம் என்றால் பணத்தைக் கொட்டினால் தானாக வந்துவிடும் என்று ஓர் எண்ணம் உண்டு. 'ஜாஸ்' எடுக்கப்பட்ட கதை அதற்கு நேர்மாறானது. மார்த்தாஸ் வின்யார்ட் தீவுக்கு அருகே, நிஜக் கடலில் படப்பிடிப்பு. இயந்திரச் சுறாவை உப்புத்தண்ணீரில் இறக்கினால் மக்கர் செய்தது. 55 நாளில் முடிய வேண்டிய படப்பிடிப்பு 159 நாள் இழுத்தது. சுறா வேலை செய்யாத நாட்களில் சுறா இல்லாமலே சுறாவைக் காட்ட வேண்டிய கட்டாயம். தண்ணீருக்கு மேலே மிதந்து போகிற மஞ்சள் பீப்பாய்கள், ஜான் வில்லியம்ஸின் இரண்டே சுரம், நீர்மட்டத்தில் தத்தளிக்கிற கேமரா, அவ்வளவுதான். படம் பாதிக்கு மேல் ஓடிய பிறகுதான் விலங்கு சரியாகக் கண்ணில் படுகிறது. அதற்குள் அரங்கில் இருப்பவர்கள் இருக்கையில் கால்களை மடக்கி வைத்துக்கொண்டிருப்பார்கள். முன்பின் தெரியாத ஆயிரம் பேரை ஒரே நொடியில் மூச்சைப் பிடிக்கவைப்பது லேசான காரியமா? அதைத் தெரிந்து செய்தவரைச் சிறந்த இயக்குநர் பட்டியலில் சேர்க்க அன்று மனம் வரவில்லை.

'ஜாஸ்' அமெரிக்காவில் வெளியானது 1975 ஜூன் 20. சரியாக எட்டு வாரம் கழித்து, ஆகஸ்ட் 15 அன்று, இந்தியாவில் 'ஷோலே' வந்தது. இரண்டின் தலையெழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். இந்தியாவே பார்த்த அந்தப் படத்துக்கு ஃபிலிம்ஃபேர் விழாவில் கிடைத்தது ஒரே ஒரு பரிசு. படத்தொகுப்புக்காக எம்.எஸ்.ஷிண்டேவுக்கு. அங்கே 'ஜாஸ்' படத்தொகுப்பாளர் வெர்னா ஃபீல்ட்ஸ், இங்கே ஷிண்டே. 'ஷோலே'யில், ஊசலாடும் ஊஞ்சலின் கிரீச்சொலிக்கு நடுவே கொள்ளைக்காரன் கப்பர் சிங் ஒரு சிறுவனை நோக்கித் துப்பாக்கியை நீட்டுவான். பிள்ளை சாவதைப் படம் காட்டாது. காட்டாமல் விட்டதால்தான் அந்தக் காட்சி அரை நூற்றாண்டாக நெஞ்சில் நிற்கிறது. வெட்டியவருக்குப் பரிசு கொடுத்தவர்கள், எங்கே வெட்ட வேண்டும் என்று மனதுக்குள் கண்ட இயக்குநர் ரமேஷ் சிப்பியை விட்டுவிட்டார்கள். 2005-இல் அதே ஃபிலிம்ஃபேர், ஐம்பது ஆண்டுகளின் சிறந்த படம் என்று 'ஷோலே'வைக் கொண்டாடியது. முப்பது வருஷம் தாமதம்.

வெகுஜனப் படங்களுக்கு இது வாடிக்கையாகவே நடக்கிறது. ஒலிக்குக் கொடுப்பார்கள், காட்சி வித்தைக்குக் கொடுப்பார்கள், உடைக்கும் ஒப்பனைக்கும் கொடுப்பார்கள். கொத்தனாருக்கும் தச்சருக்கும் மாலை போட்டுவிட்டு, கட்டிய வீட்டை மட்டும் பார்க்க மாட்டோம் என்கிற மாதிரி.

இதைவிட நாசூக்கான வழி ஒன்றும் உண்டு. பந்தியில் சிலரைத் தனியாக உட்காரவைக்கிற வழக்கம் நம் வீடுகளுக்குத் தெரியாததல்ல. இலையில் குறை இருக்காது. வடை, பாயசம் எல்லாம் உண்டு. இடம் மட்டும் வேறு. இந்திய தேசியத் திரைப்பட விருதுகளில், 'ஷோலே' வந்த அதே 1975-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து, ஆரோக்கியமான பொழுதுபோக்கைத் தரும் சிறந்த வெகுஜனப் படம் என்று தனி விருது ஒன்று தொடங்கியது. அதுவும் 'ஷோலே'வுக்குக் கிடைக்கவில்லை என்பது வேறு விஷயம். தமிழில் விக்ரமனின் 'வானத்தைப்போல', சேரனின் 'ஆட்டோகிராஃப்' இரண்டும் இந்த வரிசையில் உட்கார்ந்தவை. கே.விஸ்வநாத்தின் 'சங்கராபரணம்' கூட இங்கேதான் உட்காரவைக்கப்பட்டது. இசையே உயிராக வாழ்ந்த ஒரு கிழவரைப் பற்றிய படம். சண்டை இல்லை, பெரிய நட்சத்திரம் இல்லை. கே.வி.மகாதேவன், எஸ்.பி.பாலசுப்ரமணியம், வாணி ஜெயராம் மூவருக்கும் தேசிய விருது வாங்கித் தந்த படம். ஜனங்கள் திரண்டு வந்தார்கள் என்ற ஒரே காரணத்தால் அது 'வெகுஜனப் படம்' ஆயிற்று. அரங்கு காலியாகக் கிடந்திருந்தால் அதையே கலைப்படம் என்று அழைத்திருப்பார்கள்!

அமெரிக்காவிலும் இந்தத் தனிப் பந்தி முதல் நாளிலேயே போடப்பட்டது. 1929 மே 16 அன்று ஹாலிவுட் ரூஸ்வெல்ட் ஹோட்டலில் நடந்த முதல் ஆஸ்கர் விழாவில் உச்ச விருதுகள் இரண்டு. தலைசிறந்த படமாக 'விங்ஸ்', கலைநயம் மிக்க தனித்துவப் படமாக எஃப்.டபிள்யூ.முர்னாவின் 'சன்ரைஸ்'. விமானச் சண்டைகளால் கூட்டத்தை இழுத்த படம் ஒரு பக்கம், திரைமொழியை மாற்றிய படம் இன்னொரு பக்கம். மறு வருஷமே இரண்டாவது பிரிவை எடுத்துவிட்டார்கள். ஆஸ்கர் வழங்கும் அகாடமியின் கணக்கில் இன்று முதல் 'சிறந்த படம்' என்று நிற்பது 'விங்ஸ்'. மேடையில் முதல் நாற்காலி வெகுஜனப் படத்துக்குத்தான் போடப்பட்டது என்பதைப் பலரும் மறந்துவிட்டார்கள்.

2018-இல் அகாடமி இன்னொரு முறை முயன்றது. அந்த ஆண்டு விழாவைத் தொலைக்காட்சியில் பார்த்த அமெரிக்கர்கள் ஏறத்தாழ 2 கோடியே 65 லட்சம். 1998-இல் 'டைட்டானிக்' 11 விருதுகளை அள்ளிய இரவில் பார்த்தவர்கள் 5 கோடியே 50 லட்சத்துக்கும் மேல். பாதியாகச் சுருங்கிவிட்டது. ஆகஸ்ட் 8 அன்று, வெகுஜனப் படங்களுக்கென்று புதிதாக ஒரு விருது என்று அறிவித்தார்கள். எதிர்ப்பு கிளம்பியது. செப்டம்பர் 6 அன்று கிடப்பில் போட்டார்கள். அந்த ஆண்டின் 'பிளாக் பாந்தர்' தனி இலைக்குக் காத்திருக்கவில்லை. சிறந்த படம் உட்பட ஏழு பரிந்துரைகள் பெற்று, மூன்றை வென்றது. சூப்பர் ஹீரோ படம் ஒன்று அந்த வரிசையில் அமர்ந்தது அதுவே முதல் முறை. பார்வையாளர்களை இழுக்கும் தூண்டில் புழுவாகப் படங்களைப் பயன்படுத்துவது அவற்றை ஒதுக்குவதைப் போலவே மரியாதைக் குறைவு. உள்ளே அழைத்தால் படத்துக்காக அழைக்க வேண்டும்.

தமிழர்களுக்கு மறக்க முடியாத ஆஸ்கர் 2009 பிப்ரவரியில் நடந்தது. இங்கே திங்கட்கிழமைக் காலை. ஏ.ஆர்.ரஹ்மான் இரண்டு சிலைகளோடு நின்று, தமிழிலும் பேசினார். வேலைக்குப் போக வேண்டியவர்களெல்லாம் வீட்டில் தொலைக்காட்சி முன்னால் நின்றபடி கண் கலங்கினார்கள். அந்தச் சந்தோஷத்தில், அதே இரவின் ஒரு பெரிய இல்லாமை இங்கே யார் கண்ணிலும் படவில்லை. உலகம் முழுக்க 100 கோடி டாலர் வசூலித்த, கிறிஸ்டோபர் நோலனின் 'தி டார்க் நைட்' எட்டுப் பரிந்துரைகள் பெற்றும், சிறந்த படத்துக்கான ஐந்தில் இல்லை. மறைந்த ஹீத் லெட்ஜருக்குத் துணை நடிகர் விருது கிடைத்தது. வழக்கம்போல ஒலித்தொகுப்புக்கும் ஒன்று.

அந்த ஜூன் மாதமே சிறந்த படத்துக்கான இடங்களை ஐந்திலிருந்து பத்தாக்கினார்கள். அகாடமியின் அன்றைய தலைவர் சிட் கேனிஸ், 'தி டார்க் நைட்' பெயர் பேச்சில் அடிபட்டதை மறைக்கவில்லை. 1943-ஆம் ஆண்டுப் படங்கள் வரை பத்துப் பேர் உட்கார்ந்த பந்திதான் அது. 'காஸாபிளாங்கா' வென்றது அப்படியொரு பத்தில். இடையில் சுருங்கிப் போயிருந்ததை மறுபடி விரித்தார்கள்.

பத்து பேர் வந்ததும் எண்ணுகிற முறையும் மாறியது. வாக்காளர் ஒரே படத்தைக் குறிப்பதில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்துகிறார். குறைவான முதல் வாக்கு பெற்ற படத்தை நீக்கி, அதன் சீட்டுகளை அடுத்த விருப்பத்துக்குத் தள்ளுவார்கள். ஒரு படம் பாதியைத் தாண்டும்வரை இப்படியே நடக்கும். எனவே சிலருக்கு உயிராகவும் சிலருக்குக் கசப்பாகவும் இருக்கிற படம் பட்டியலுக்குள் நுழையலாம், கடைசியில் ஜெயிப்பது கடினம். 2010-இல் 'அவதார்' உள்ளே வந்தது. வென்றது கேத்ரின் பிகலோவின் சிறிய படமான 'தி ஹர்ட் லாக்கர்'. நியாயமான தீர்ப்பு. ஒரே பந்தியில் உட்கார்ந்து தோற்றதில் 'அவதார்' இழந்தது ஒன்றுமில்லை. 2024-இல் 95 கோடி டாலரைத் தாண்டிய 'ஓப்பன்ஹைமர்' அதே முறையில் வெல்லவும் செய்தது.

நம் தேசிய விருதில் குறையாகத் தெரிவது இதுதான். அங்கே பரிந்துரைப் பட்டியலே கிடையாது. எது எதோடு மோதியது, எது மயிரிழையில் தவறியது, எதுவும் வெளியே தெரியாது. 2016 மார்ச்சில் சிறந்த படமாக 'பாகுபலி' முதல் பாகம் அறிவிக்கப்பட்டபோது பலரும் புருவம் உயர்த்தினார்கள். தமிழ்ப் படப் பிரிவில் வென்ற வெற்றிமாறனின் 'விசாரணை'யும் அதே ஆண்டுப் படம்தான். இரண்டையும் பார்த்துவிட்டு, காவல் நிலையத்து லத்திச் சத்தத்தை மறந்து, மகிழ்மதிக்குத்தான் முதல் மரியாதை என்று சொல்ல மனம் ஒப்பவில்லை. ஆனால் 'பாகுபலி' அந்த விவாதத்தில் இருந்திருக்கவே கூடாது என்பதையும் ஏற்க முடியாது. அருவியில் ஏறித் தவறி விழும் அந்த முதல் அரை மணி நேரத்தில், அம்புலிமாமா படித்து வளர்ந்த ஒரு தலைமுறையின் கனவை நிஜமாக்கிக் காட்டியிருந்தார் ராஜமௌலி. அந்தத் தேர்வுக்குழுவுக்குத் தலைவராக இருந்தவர் யார் தெரியுமா? 'ஷோலே' எடுத்த ரமேஷ் சிப்பி.

எதிர்த்தரப்புக்கு ஒரு வலுவான வாதம் இருக்கிறது. வசூலித்த படத்துக்கு வசூலே பரிசு, விளக்கு வேண்டியது இருட்டில் இருப்பவனுக்கு என்பார்கள். மணிகண்டனின் 'காக்கா முட்டை' அதற்குச் சாட்சி. 2015 மார்ச்சில் சிறந்த குழந்தைகள் படமாக அதற்கும், நடித்த இரண்டு சிறுவர்களுக்கும் தேசிய விருது அறிவிக்கப்பட்டது. ஜூனில் வெளியானபோது, பீட்சாவுக்கு ஏங்கும் அந்தச் சேரிப் பிள்ளைகளைப் பார்க்க அரங்குகள் நிறைந்தன. விருது இல்லாவிட்டால் அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் வந்திருப்பார்கள்? வசூலைத் தகுதியாக எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கும் நம்மிடமே உதாரணம் உண்டு. 1998-இல் இந்தியாவின் சார்பில் ஆஸ்கருக்கு அனுப்பப்பட்டது 'ஜீன்ஸ்'. ஏழு அதிசயங்களையும் சுற்றிக் காட்டிய படம், பாட்டுகள் தேன். அதற்குமேல் அதில் தேடினால் கிடைப்பது குறைவு. ஆகவே, பெரிய படம் என்பதால் உள்ளே விடுவதும் தப்பு, பெரிய படம் என்பதால் வாசலில் நிறுத்துவதும் தப்பு. சின்னவனுக்கு இடம் வேண்டுமென்றால் பாயை நீளமாக விரிக்கலாம். பெரியவனை எழுப்பிவிடத் தேவையில்லை.

2022-இல் இந்தியாவிலிருந்து ஆஸ்கருக்கு 'ஆர்ஆர்ஆர்' போகும் என்று பலரும் எதிர்பார்த்தார்கள். போனது பான் நலினின் குஜராத்திப் படம் 'செல்லோ ஷோ'. 'ஆர்ஆர்ஆர்' குழு தானாகவே களமிறங்கி, 2023 மார்ச்சில் 'நாட்டு நாட்டு' பாட்டுக்குச் சிலையோடு திரும்பியது. குஜராத்திப் படமோ 15 படங்களின் குறும்பட்டியல்வரை போய் நின்றுவிட்டது. இரண்டையும் எதிரெதிரே நிறுத்தி அப்போது நிறையப் பேசினார்கள். 'செல்லோ ஷோ'வைப் பார்த்தவர்கள் அப்படிப் பேச மாட்டார்கள். சௌராஷ்டிரக் கிராமத்துச் சிறுவன் ஒருவன், டிக்கெட்டுக்குக் காசில்லாமல், அம்மா கட்டிக் கொடுத்த சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு கேலக்ஸி தியேட்டரின் புரொஜெக்டர் அறைக்குப் படியேறுகிறான். ஆபரேட்டர் ஃபசல் அந்த டப்பாவைத் திறந்து சாப்பிடுகிறார். பையன் சின்ன ஜன்னல் வழியாகத் திரையைப் பார்க்கிறான். கீழே அரங்கு நிறையக் கூட்டம். திரையில் ஓடுவது அந்தக் கூட்டம் விசிலடிக்கிற ஹிந்திப் படம்.