வீடு விட்டாச்சுங்க

பதிவு கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டு மாடிப் போர்ஷன் போன மாதம் காலியானது. கேட்டில் 'டூ லெட்' போர்டு தொங்கவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு கணவனும் மனைவியும் ஐந்து வயதுப் பெண் குழந்தையோடு வந்து நின்றார்கள். நேபாளம் என்றார்கள். அவருக்கு ஹோட்டலில் சமையல் வேலை. அந்தப் பெண்ணுக்குப் பனியன் கம்பெனியில் செக்கிங். திருப்பூர் வந்து இரண்டு வருடத்தில் மூன்று வீடு மாறிவிட்டார்களாம்.

"அம்மா, வீடு பாக்கலாமா?" என்று அந்தப் பெண் தமிழிலேயே கேட்டாள்.

"வீடு விட்டாச்சும்மா. போர்டை எடுக்க மறந்துட்டேன்" என்றேன்.

அது பொய். முந்தின நாள்தான் பக்கத்து வீட்டு அம்மா, "வெளியூர்க்காரங்களுக்கு விட்டுறாதீங்க டீச்சர். மூணு பேருன்னு வருவாங்க, பத்துப் பேரு தங்குவாங்க" என்று சொல்லியிருந்தார். அந்தப் பேச்சு மண்டைக்குள் இருந்தது. அவர் ஒன்றும் பேசாமல் ஒரு துண்டுச் சீட்டில் போன் நம்பரை எழுதிக் கொடுத்து, "காலியானா சொல்லுங்கம்மா" என்றார். குழந்தை போகும்போது எனக்குக் கை காட்டியது.

அன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை. "வீடு விட்டாச்சு" என்ற வார்த்தையை நான் முதன்முதலில் கேட்டது 1973-ல், என் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு, ராயபுரத்தில் ஒரு வீட்டு வாசலில்.

என் பழைய மாணவர்கள் பலருக்கும் தெரியாது, நான் பிறந்தது பதுளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். 1964 அக்டோபர் 30-ல் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஒரு ஒப்பந்தம் போட்டார்கள். மலையகத் தமிழர்கள் 9,75,000 பேர் என்று கணக்கு. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி ஒன்றரை லட்சத்தை 1974-ல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். வகுப்பில் வகுத்தல் கணக்கு நடத்தும்போதெல்லாம் இந்த எண்கள் எனக்கு நினைவுக்கு வரும். அந்த ஐந்தே கால் லட்சத்தில் எங்கள் வீட்டில் ஐந்து பேர்.

தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரம், அங்கிருந்து மண்டபம் முகாம். 'தாயகம் திரும்பியோர்' என்று எங்களுக்குப் பெயர். பன்னிரண்டு வயது வரை நான் பார்த்தே இராத நாட்டுக்கு எப்படித் திரும்பினேன் என்று இன்றும் புரியவில்லை. அப்பாவுக்குச் சொந்தக்காரர் ஒருவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தார். அவரை நம்பி வந்தோம்.

"எந்த ஊருங்க?"

"சிலோனுங்க."

"வீடு விட்டாச்சுங்களே."

நான்காவது வாசலில்தான் ஒரு லைன் வீடு கிடைத்தது. தோட்டத்திலும் லயம்தான், இங்கேயும் லைன்தான். ஆனால் பேச்சு வேறு. வீட்டுக்கார அம்மா முதல் முறை வந்தபோது எங்கள் அம்மா ஆசையாக, "சாயத்தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டார். தோட்டத்தில் பால் போடாத தேநீருக்கு அதுதான் பெயர். திருப்பூரில் சாயத்தண்ணி என்றால் சாயப்பட்டறைக் கழிவு! அந்த அம்மா முகம் போன போக்கை நினைத்தால் இன்றைக்குச் சிரிப்பு வருகிறது. அன்று எங்கள் அம்மா அழுதார்.

நான்கு வருடத்தில் நான்கு வீடு. ஒன்றில் வாடகையை ஏற்றினார்கள். ஒன்றில் 'சொந்தக்காரங்க வர்றாங்க' என்றார்கள். தெரியாமல் ஆடி மாதத்தில் ஒரு வீட்டுக்குக் குடிபோய், பால் காய்ச்சுவதற்கு முன்னாலேயே வாங்கிக் கட்டிக்கொண்டோம். ஒவ்வொரு முறையும் ஒரு ட்ரங்குப் பெட்டி, நாலு பாத்திரம், ஒரு தள்ளுவண்டி. அம்மா கைமடி வேலை செய்து சேர்த்த காசு அட்வான்ஸிலும் வண்டிக் கூலியிலும் போகும். நான் பள்ளிக்கூடத்துக்கு நடக்கும் தூரம் ஒவ்வொரு முறையும் கூடும்.

ஐந்தாவது வீடு அனுப்பர்பாளையத்தில். பாத்திரப் பட்டறைக்காரர் வீடு. அந்த அம்மா எந்த ஊர் என்று கேட்கவில்லை. என்னைப் பார்த்து, "புள்ள பள்ளிக்கூடம் போகுதா?" என்று மட்டும் கேட்டார். எட்டு வருடம் அங்கே இருந்தோம். அந்த வீட்டுத் திண்ணையில் படித்துத்தான் நான் ஆசிரியர் பயிற்சி முடித்தேன்.

செவ்வாய்க்கிழமை அந்த நம்பருக்குப் போன் போட்டேன். "வீடு காலியாத்தான் இருக்கு. நான் பொய் சொல்லிட்டேன். வாங்க" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு அந்தப் பெண் சொன்னாள்: "அட்வான்ஸ் குடுத்துட்டோம்மா. திரும்பத் தரமாட்டாங்க." ஒரே ரூம். ஐந்து மாத அட்வான்ஸ். ரசீது இல்லை. கரண்டுக்கு யூனிட் பத்து ரூபாய்.

இங்கே சில விஷயங்களை வீட்டுக்காரர்களுக்கும் குடியிருப்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். நம் மாநிலத்தின் 2017 வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவு செய்ய வேண்டும். வீட்டுக்கு மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. தகராறு வந்தால் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தக் கூடாது. நேபாளத்துக்காரர்கள் 1950 ஒப்பந்தப்படி விசா இல்லாமலே இங்கே தங்கலாம், வேலை செய்யலாம். பத்துப் பேர் தங்கிவிடுவார்கள் என்று பயமா? எத்தனை பேர் என்பதை ஒப்பந்தத்தில் எழுதுங்கள், அடையாள அட்டை நகல் வாங்குங்கள். பயத்துக்கு மருந்து காகிதத்தில் இருக்கிறது. நான் அதை விட்டுவிட்டுப் பொய்யை எடுத்தேன்.

அவர்களுக்கு வீடு கொடுக்கும் வாய்ப்பு போய்விட்டது. குழந்தையைப் பள்ளியில் சேர்த்தாயிற்றா என்று கேட்டேன். பிறப்புச் சான்று ஊரில் இருக்கிறதாம், அதனால் யாரையும் கேட்கவில்லையாம். கல்வி உரிமைச் சட்டப்படி வயதுச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்க முடியாது. ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் நானே கூட்டிப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இந்தத் தடவை வார்த்தை மாறமாட்டேன்.

போர்டு இன்னும் தொங்குகிறது. இரண்டு ரூம், சமையலறை, தனி மீட்டர், மூன்று மாத அட்வான்ஸ். யாருக்காவது தேவைப்பட்டால் சொல்லி அனுப்புங்கள். எந்த ஊராக இருந்தாலும் சரி.