ஓர் எச்சத்தால் வந்த வினை

தமிழாசிரியராகிய எமக்கு ஆங்கில இலக்கணத்தோடு என்ன உறவு என்று இம்மலரைப் புரட்டும் பழைய மாணவர் சிலர் வினவக்கூடும். உறவு உண்டு, அதுவும் நட்டத்தில் தொடங்கிய உறவு.

1994ஆம் ஆண்டில் எமக்கு வயது பதினான்கு. எம் தந்தையார் திருக்கோணமலைத் துறைமுகப் பகுதியில் கூலிவேலை செய்து, முதுகுநோயால் அதனை விட்டிருந்தார். அவருக்குச் சேரவேண்டிய சேமலாப நிதிப் பணத்தைக் கொண்டு மாரிக்கு முன் கூரையை மாற்றிவிடலாம் என்பது வீட்டாரின் எண்ணம். ஆவணி மாதத்தில் அலுவலகம் ஒன்றிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. படிவத்திலுள்ள கையொப்பம் உம்முடையதா, அதனை எப்போது இட்டீர் என்பது அதன் சாரம். 1987ஆம் ஆண்டு அரசியலமைப்புத் திருத்தத்தின்பின் தமிழும் ஆட்சிமொழி. தமிழிலேயே மறுமொழி எழுதியிருக்கலாம். ஆங்கிலத்துக்கு ஆங்கிலமே மறுமொழியாகச் சென்றாற்றான் மதிப்பு என்று எண்ணியவர் தந்தையார். எழுத வல்லோம் என்று எண்ணியவர் நாம்.

"தம்பி, கையெழுத்து என்ரதான். ஆனா வைச்சது ஞாபகமில்லை எண்டு எழுது" என்றார்.

'ஐ டிட் நொட் றிமெம்பர் ரு சைன்' என்று எழுதினோம். அதன் பொருள், கையெழுத்து வைக்க நினைவு வரவில்லை, அதாவது வைக்காமலே விட்டேன் என்பதாம். 'ஐ டூ நொட் றிமெம்பர் சைனிங்' என்றிருத்தல் வேண்டும். அடுத்த வரியிலோ கையொப்பம் என்னுடையதே என்றும் இருந்தது. இடாத கையொப்பம் எவ்வாறு இவருடையதாகும் என்று அலுவலகத்தார் ஐயுற்றதில் வியப்பில்லை. விசாரணை, சத்தியக்கடதாசி, மீண்டும் விசாரணை என மாதங்கள் கழிந்தன. அவ்வாண்டு மாரியை ஓட்டைக் கூரையின் கீழேயே கழித்தோம். தந்தையார் எம்மை ஒரு சொல்லாலும் கடிந்திலர். ஒழுக்குக்குப் பானை வைக்கும்போது மட்டும் எம் முகத்தைப் பாராதிருந்தார்.

பின்னாளில் ஆசிரிய கலாசாலையில் நன்னூல் வினையியலைப் படிக்கையிலேதான் பிழை கிடந்த இடம் புலனாயிற்று. 'வைத்தது நினைவில்லை' என்பதில் 'வைத்தது' தொழிற்பெயர். 'வைக்க நினைவில்லை' என்பதில் 'வைக்க' செயவென்னெச்சம். தந்தையார் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவர். ஆயினும் அவர் வாயில் இவ்விரண்டும் ஒருநாளும் மயங்கியதில்லை. மயங்கியது எம் ஆங்கிலமே. 1957 வரை பிரித்தானியக் கடற்படைத் தளமாயிருந்த எம் ஊரில் டொக்யாட், ஜெற்றி முதலிய சொற்கள் தங்கிவிட்டன. சொற்றொடர் தங்கவில்லை போலும்.

போப்பையர் தமது தமிழ் இலக்கணக் கைந்நூலில் 'செய்ய' என்பதனை இன்ஃபினிற்றிவ் என்றே குறித்தார். ஜெறண்ட் என்பதற்கு எம் தொழிற்பெயர் ஏறக்குறைய நிகர். இதனைக் கண்டுகொண்ட மாணவனுக்குப் பாதிப் பாரம் இறங்கிவிடும். வேற்றுமை ஏற்பது பெயர், எச்சம் ஏலாது. நீந்துதலை, நீந்துவதில் என்போம். 'நீந்தவை' என்பார் எவருமிலர். ஆங்கிலத்தில் உருபின் வேலையைச் செய்வன இன், ஒஃப், ஃபோ, அற் முதலியன; ஆகவே அவற்றின்பின் வருவது 'இங்' ஈற்றுத் தொழிற்பெயர். 'குட் அற் ஸ்விம்மிங்' என்பது அவ்வாறு வந்தது. கடித முடிவில் 'லுக்கிங் ஃபோவட் ரு மீற் யூ' என்று எழுதுவோர் கற்றவரிலும் பலர். அங்கே 'ரு' எச்சத்தின் அடையாளமன்று, நான்காம் வேற்றுமை உருபு போல்வது. அதன்பின் 'யுவர் லெற்றர்' என்று ஒரு பெயரை வைத்துப் பார்த்தால் பொருந்தும்; பொருந்தவே 'மீற்றிங்' என்றே வரும்.

கொட்டியாரக் குடாவில் ஒருவர் வலை இழுப்பதை நிறுத்தினார் என்பதும், வலை இழுக்க நின்றார் என்பதும் வேறு வேறு. முன்னையது 'ஸ்ரொப்ட் புல்லிங்', பின்னையது 'ஸ்ரொப்ட் ரு புல்'. எங்கள் பிள்ளைகளுக்கு இதனை விளக்க இரண்டு நிமிடம் போதும்.

எனினும் தமிழ் எங்கும் கைகொடுக்கும் என்று சொல்லோம். 'வருவதாக வாக்களித்தான்' என்று நாம் தொழிற்பெயராற் சொல்வதை ஆங்கிலேயர் 'புறொமிஸ்ட் ரு கம்' என எச்சத்தாற் சொல்வர். 'படித்து முடித்தான்' என்பதிலுள்ள எச்சம் அவர்களிடம் 'ஃபினிஷ்ட் றீடிங்' எனப் பெயராகும். நிகழ்ந்ததற்கு 'இங்', நிகழவிருப்பதற்கு 'ரு' என்று விதி கூறுவாரும் உளர். றிமெம்பர், றிகிறெற் என்பவற்றில் அது செல்லும். இனிமேல் நிகழக்கூடியதைக் குறிக்கும் அவொயிட், கன்சிடர் என்பவற்றின்பின்னும் 'இங்' வருதலால் அங்கே தோற்கும். இத்தகைய வினைகளை நெட்டுருச் செய்தலன்றி வேறு வழி கண்டிலோம். எம் மேசை இழுப்பறையில் ஒரு பட்டியல் உண்டு. இன்றும் அதனைப் பார்த்தே சொல்லுகிறோம்.

ஒவ்வோராண்டும் எச்சம் கற்பிக்கும் நாளில் அந்தப் பழைய வரியைக் கரும்பலகையில் எழுதி, கையொப்பம் இடப்பட்டதா இல்லையா என்று கேட்போம். எழுதியவர் யாரென்று சொல்வதில்லை. பாதி வகுப்பு இடப்பட்டது என்று கையுயர்த்தும். சென்ற ஆண்டு முழுக்கதையையும் சொல்லிவிட்டோம். பின் வரிசையிலிருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, காசு கிடைச்சதோ?" என்றான்.

கிடைத்தது, 1995 பங்குனியில், மழை ஓய்ந்த பின்னர்.