படமும் படிப்பும்

நமது கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரையொன்று தருமாறு மலர்க்குழுவினர் பணித்தபோது, கல்லூரி எனக்குத் தந்த ஒன்றை நான் எவ்வாறு மறந்தேன், எவ்வாறு மீளப் பெற்றேன் என்பதை எழுதுவதே நேர்மை என எண்ணினேன்.

முப்பதாண்டுகளுக்கு மேலாக ஆசிரியத் தொழில் புரிந்து இளைப்பாறியவன் நான். கடைசிப் பத்தாண்டுகள் கிராமப் பாடசாலையொன்றிலே தமிழ் கற்பித்ததோடு, நூல்நிலையத்துக்கும் பொறுப்பாயிருந்தேன். அலுமாரிகள் நிறைய நூல்கள் இருந்தன, எடுப்பாரில்லை. இரவல் கொடுத்த திகதியைப் பதியும் தாள், பல நூல்களில் வெறுமையாகவே கிடந்தது. 1981 ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொதுநூல்நிலையம் எரிக்கப்பட்டபோது நான் உயர்தர வகுப்பு மாணவன். 97,000க்கு மேற்பட்ட நூல்கள் சாம்பலாயின. அதனைக் கண்ணாற் கண்டவனுக்கு, கைக்கெட்டும் நூலைத் தொடாத பிள்ளைகளைக் காணுந்தோறும் நெஞ்சு கொதித்தது. அக்கொதிப்பிலே ஒரு பிழையுஞ் செய்தேன்.

2018 ஆம் ஆண்டு, வாசிப்புப் பாடவேளையொன்றிலே ஒன்பதாந் தர மாணவனொருவன், விதிக்கு மாறாகக் கொண்டுவந்த கைத்தொலைபேசியில் மேசைக்குக் கீழே படம் பார்த்துக்கொண்டிருந்தான். பறித்தேன். வகுப்பறிய "மாடு" என்று ஏசினேன். பாடநூலைக் கையிற் கொடுத்து உரத்து வாசிக்கச் சொன்னேன். அவன் எழுத்தெழுத்தாகக் கூட்டி, இரண்டாம் வரியிலே தடுக்கி நின்றுவிட்டான். மற்றவர்கள் சிரித்தனர். அப்போதுதான் விளங்கிற்று: அவன் வாசிக்க விரும்பாதவனல்லன், வாசிக்க இயலாமையை இத்தனை ஆண்டுகளாக மறைத்து வந்தவன். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

அவ்விரவிலேதான் நமது கல்லூரி நூல்நிலையம் நினைவுக்கு வந்தது. செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ நாவல் 1973 இல் வெளிவந்தது; 1978 இல் திரைப்படமாயிற்று. படத்தைப் பார்த்த மறுநாள் அந்நாவலைக் கேட்டு நமது நூல்நிலைய வாசலில் நின்ற பதினான்கு வயதுப் பையன் நான். அதுவரை பாடநூலன்றி வேறொன்றுந் தொட்டறியேன். பொறுப்பாயிருந்த ஆசிரியர், "படம் பார்த்துப்போட்டோ வாறாய்?" என்று கேட்டார். ஏச்சு விழுமென நடுங்கினேன். அவரோ நூலை எடுத்துத் தந்து, "படத்திலை இல்லாதது இதுக்குள்ளை கனக்க இருக்கு, வாசிச்சுப்போட்டு வந்து சொல்லு" என்றார். படத்தின் வழியே நூலுக்கு வந்த நான், படம் பார்த்த பிள்ளையை மாடு என்றேன்!

மறுநாள் அவனைத் தனியே அழைத்து மன்னிப்புக் கேட்டேன். பின்னர் அதிபரின் அனுமதியோடு மாணாக்கரை நால்வர் நால்வராகச் சேர்த்து, என் கைத்தொலைபேசியையே அவர்களிடங் கொடுத்தேன். ஒவ்வொரு குழுவும் ஒரு நூலைத் தெரிந்து, பிறரை அதனை வாசிக்கத் தூண்டும் இரண்டு நிமிடக் காணொளியொன்றை ஆக்கவேண்டும். முடிவைச் சொல்லலாகாது, படமும் ஓசையும் சொந்தமாயிருத்தல் வேண்டும், எடுத்துக்கொண்ட காட்சி எந்தப் பக்கத்திலுள்ளதென்று காட்டவேண்டும். இம்மூன்றாம் விதி பின்னர் வந்தது. முதலிற் சிலர் பின்னட்டைக் குறிப்பை மாத்திரம் வாசித்துவிட்டுப் படம் பிடித்து வந்தமையே அதற்குக் காரணம்.

அம்மாணவனின் குழுவினரிடம் ‘வாடைக்காற்று’ நாவலைக் கொடுத்தேன். கதை நெடுந்தீவிலே நிகழ்வது. ஆகவே காற்று வேண்டுமல்லவா? வெறும் மண்பானையின் வாயில் ஊதினார்கள், காய்ந்த பனையோலையை உரசினார்கள், காற்று வந்துவிட்டது. பின்னணிக் குரலுக்கு அவனையே நண்பர்கள் தெரிந்தனர். கனமான குரல் அவனுக்கு. சொல்லவேண்டியது பத்து வரிகள். பிழைத்தால் அழித்துவிட்டு மீளப் பதியலாம், சிரிப்பாரில்லை. பதினேழு முறை பிழைத்தது. பதினெட்டாம் முறை தடுக்காது வாசித்து முடித்தான். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப உரத்து வாசித்தால் வாசிப்பு ஓட்டம் பெறும் என்பது ஆசிரியர் அறிந்த உண்மையே. ஆயின் வகுப்பறையில் அது தண்டனையாகத் தோன்றும். படம் பிடிக்கையில் அது தொழிலாகிவிட்டது.

அக்காணொளியைக் காலைக் கூட்டத்திற் காட்டினோம். இடைவேளையிலே நூல்நிலைய வாசலிற் சிறு வரிசையொன்று நின்றது. இருந்தவை இரண்டு பிரதிகளே, பெயரெழுதிக் காத்திருந்தனர். எல்லோரும் வாசித்து முடித்தார்களென்று சொல்லேன். பாதியில் திருப்பித் தந்தவரும் உளர். காணொளியோடு நிறைவுற்றவரும் உளர். அவன் மட்டும் பாடசாலை விட்டபின் தயங்கித் தயங்கி வந்து, "சேர், எனக்கும் தருவியளோ? வாசிக்கக் கன நாள் செல்லும்" என்றான். இரண்டு வாரத் தவணையை அவனுக்காக இரண்டு மாதமாக்கினேன்.

இது முற்றிலும் புதுமையன்று. நம்மூர்க் கோயில்களிலே கந்தபுராணம் படிக்கும்போது ஒருவர் பாடலை வாசிக்க, மற்றொருவர் பயன் சொல்வார். எழுத்தறியாதாரும் தூணோரத்திலிருந்து கேட்டுச் சுவைத்தனர். பயன் சொல்பவர் நூலுக்கு மாற்றாக நின்றவரல்லர். நூலின் வாசலைத் திறந்துவிட்டவர். நம் பிள்ளைகள் கைத்தொலைபேசியைக்கொண்டு செய்ததும் அதுவே.

பழைய மாணவராகிய நாம் கல்லூரி நூல்நிலையத்துக்கு அலுமாரிகளும் நூல்களும் அன்பளிப்புச் செய்து வருகின்றோம். நன்று. அவற்றோடு, எவ்வழியால் வந்த பிள்ளையையும் ஏசாது நூலை எடுத்துக் கொடுக்கும் ஒருவரும் அங்கிருத்தல் வேண்டும். நம் காலத்தில் நமக்கு அத்தகைய ஒருவர் வாய்த்தார்.

அம்மாணவன் ஏழாம் வாரத்தில் நூலைத் திருப்பித் தந்தான். முகத்திலே சிறு வருத்தம். ஏனென்று கேட்டேன். "நாங்கள் பிழையான இடத்தை எடுத்துப்போட்டம், சேர். இதைவிடத் திறமான இடம் பின்னுக்கு இருக்கு" என்றான்.