ஃபோர்க் ஏரியின் பாஸ் மீன்கள்

டாலஸைச் சுற்றி இருக்கிற பெரிய ஏரிகளில் ஒன்றுகூட இயற்கையாக உண்டானதில்லை. லூயிஸ்வில், கிரேப்வைன், ரே ராபர்ட்ஸ், ரே ஹப்பர்ட், லவான் எல்லாமே ஆற்றை மறித்து அணை கட்டித் தேக்கியவை. டெக்சஸ் மாநிலத்தில் இயற்கை ஏரி என்று மக்கள் சொல்வது லூசியானா எல்லையில் கிடக்கும் கேடோ ஏரியைத்தான். அதற்கும் பிற்பாடு அணை வந்துவிட்டது. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுத் தண்ணீரில் நிரம்பும் கடம்பாகுளத்துப் பக்கம் வளர்ந்த எனக்கு இதில் ஒரு நிம்மதி. மனிதன் கட்டிய நீர்நிலையில் மீன் எங்கே நிற்கும் என்பதற்குக் கணக்கு உண்டு. பழைய ஓடை எந்தப் பக்கம் போனது, மேடு எங்கே, மூழ்கின மரம் எங்கே என்று தெரிந்துவிட்டால் பாதி மீன் கையில் வந்த மாதிரி.

மகள் பிளேனோவில் இருக்கிறாள். மருமகனுக்கு வேலை கணினியில், மனசு தூண்டிலில். அமெரிக்காவுக்குப் பிள்ளைகளைப் பார்க்கப் போகிற நம்மவர்கள் பலர் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்து திரும்பி வருகிறார்கள். என்னை அப்படி விடாதவர் அவர்தான். கடையில் பால் வாங்கப் போவதுபோலச் சொல்வார்: "மாமா, சாயங்காலம் ரே ராபர்ட்ஸ் போலாமா?"

அங்கிருந்தே தொடங்குவது நல்லது. டென்டனுக்கு வடக்கே இருக்கும் ரே ராபர்ட்ஸ் ஏரிக்கரையில் மாநிலப் பூங்கா இருக்கிறது. டெக்சஸில் மாநிலப் பூங்காவுக்குள் கரையிலோ மீன்பிடி மேடையிலோ நின்று பிடித்தால் உரிமம் தேவையில்லை. நுழைவுக் கட்டணம் கட்டினால் போதும். படகேறினால் 17 வயது நிரம்பிய எல்லோருக்கும் உரிமம் வேண்டும். வெளியூரிலிருந்து வந்தவர்கள் ஒரு நாள் உரிமம் வாங்கிக்கொள்ளலாம், வால்மார்ட்டிலேயே கிடைக்கும். பேரன் மண்புழுவும் தக்கையும் போட்டு உள்ளங்கை அகலச் சின்ன மீன்களாகப் பிடித்துத் தள்ளினான். பாஸ் அப்படி வராது. அது வேட்டை மீன். கல் அடுக்கிய கரை, கோரைப் புதர், படகுத்துறையின் நிழல் என்று ஏதாவது ஒரு மறைவில் பதுங்கியிருந்து பாயும். ரே ஹப்பர்ட் ஏரியில் 30-ஆம் எண் நெடுஞ்சாலை குறுக்கே போகிற இடத்தில் கரைக்குக் கல் அடுக்கியிருக்கிறார்கள். அந்தக் கல் ஓரமாகவே தூண்டிலை இழுத்துக்கொண்டு நடந்தால் நகரத்தை விட்டு வெளியே போகாமலே பாஸ் பிடிக்கலாம்.

கூட்டமும் மோட்டார் சத்தமும் பிடிக்காதவர்களுக்கு ஆத்தென்ஸ் ஊருக்குப் பக்கத்தில் பர்டிஸ் க்ரீக் என்று ஒரு சின்ன ஏரி இருக்கிறது. மொத்தமே 355 ஏக்கர். ஒரே நேரத்தில் 50 படகுக்கு மேல் உள்ளே விடுவதில்லை. அவையும் ஊர்ந்துதான் போக வேண்டும். இந்தக் கட்டுப்பாடு எனக்கு மிகவும் பிடித்துப்போனது.

ஆனால் பாஸ் என்று சொன்னால் டெக்சஸ்காரர்களின் வாயில் முதலில் வருகிற பெயர்களில் ஒன்று ஃபோர்க் ஏரி. கடந்த சில ஆண்டுகளாக மேற்கே ஓ.ஹெச்.ஐவி ஏரியில் பிரமாண்டமான மீன்கள் அகப்படுகின்றன, அது உண்மை. ஆனாலும் மாநிலச் சாதனை இன்றும் ஃபோர்க்கிடம்தான். 1992 ஜனவரி 24 அன்று பாரி செயின்ட் கிளேர் என்பவர் கிராப்பி என்ற சிறிய மீனுக்காகக் குட்டி மீனை இரையாகப் போட்டிருந்தார். வந்தது 18.18 பவுண்டு பாஸ். நம் கணக்கில் எட்டேகால் கிலோ.

நாங்கள் போனது மார்ச் நடுவில். இருட்டோடு கிளம்பி ராக்வால் வழியாக 276-ஆம் எண் சாலையில் போய், டவகோனி ஏரியின் நீளப் பாலத்தைத் தாண்டி, எமரி வழியாக ஆல்பா. ஒன்றரை மணி நேரப் பயணம். படகுத்துறையில் வழிகாட்டி காத்திருந்தார். அறுபதைத் தாண்டிய மனிதர், ஃபோர்க் ஏரியிலேயே வாழ்நாளைக் கழித்தவர்.

பொழுது விடிய விடியத்தான் ஏரி தெரிந்தது. தண்ணீருக்கு நடுவே கண்ணுக்கெட்டிய தூரம் பட்ட மரங்கள் நின்றன. சபைன் ஆற்றின் கிளையான லேக் ஃபோர்க் ஓடையை மறித்து 1980-இல் அணையை மூடினார்கள். 27,000 ஏக்கர் முழுகப்போகிறது என்று தெரிந்தும் மரங்களில் பெரும்பகுதியை வெட்டாமல் விட்டார்கள். ஃப்ளோரிடா இனத்து பாஸ் மற்ற பாஸைவிடப் பெரிதாக வளரும் என்பதால், அணை மூடுவதற்கு முன்பே அங்கிருந்த குட்டைகளில் அதன் குஞ்சுகளை விட்டு வளர்த்தார்கள். தண்ணீர் ஏறினபோது மீன் தயாராக இருந்தது, ஒளிய மரமும் இருந்தது. ஏரி கட்டும்போதே மீனையும் சேர்த்து யோசித்திருக்கிறார்கள்.

வழிகாட்டி முதலில் பார்த்தது தண்ணீரின் சூட்டை. திரையில் 62 டிகிரி ஃபாரன்ஹீட். "நல்ல நாள் சார்" என்றார். 60 தாண்டினதும் பாஸ் ஆழத்திலிருந்து கரையோரத்துக்கு ஏறி முட்டையிட ஆரம்பிக்கும். ஆண் மீன் வாலால் தரையை விசிறிக் குழி பறித்து, முட்டைக்கும் பிறகு குஞ்சுக்கும் காவல் நிற்கும். எங்கள் குளத்து விரால் நினைவுக்கு வந்தது. அதுவும் இப்படித்தான். செக்கச் செவேலென்று குஞ்சுக் கூட்டம் மேலே மிதக்க, அடியில் தாயும் தகப்பனும் சுற்றிக்கொண்டே இருக்கும். கூட்டத்தின் மேல் தவளையைப் போட்டால் ஆத்திரத்தில் பாய்ந்து கவ்வும். அப்படிப் பிடித்துக் குஞ்சுகளை அநாதையாக்குவதை என் ஊரில் யாரும் தப்பாக நினைத்ததில்லை.

தூண்டில் கட்டுவதை மருமகன் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். டெக்சஸ் ரிக் என்று பெயர். முனை கூம்பின ஈயக்குண்டை முதலில் நரம்பில் கோக்க வேண்டும். அதன் பிறகு முள்ளைக் கட்டி, ஏழு அங்குல ரப்பர் புழுவின் தலையில் கொஞ்சம் குத்தி வெளியே எடுத்து, முள்ளைத் திருப்பி, அதன் கூரை மறுபடி புழுவின் உடம்புக்குள்ளேயே புதைத்துவிட வேண்டும். கூர் வெளியே தெரியாததால் மரத்திலும் பாசியிலும் மாட்டாது. புழு நேராகக் கிடக்க வேண்டும், முறுக்கினால் தண்ணீரில் சுழலும். தெளிந்த தண்ணீருக்குப் பச்சை, கலங்கலுக்குக் கறுப்பும் நீலமும் கலந்தது. ரப்பர் புழுவைப் பெரிய வியாபாரமாக ஆக்கிய நிக் க்ரீம் தம் தொழிலைக் கொண்டுவந்து நடத்தியது இங்கிருந்து அதிக தூரமில்லாத டைலர் நகரில்தான்.

போடுவதைவிடக் காத்திருப்பது கஷ்டம். மரத்தின் அடியை ஒட்டிப் புழுவை விட்டு, நரம்பைத் தளர்வாகப் பிடிக்க வேண்டும். இழுத்துப் பிடித்தால் புழு மரத்தை விட்டு விலகிவிடும். பாஸ் பெரும்பாலும் இரை கீழே இறங்கும்போதே வாங்கிக்கொள்ளும்.

"மாமா, நரம்பையே பாருங்க. கையில தட்டுறதுக்கு முன்னாடி அது துள்ளும்."

துள்ளியது. தண்ணீரைத் தொடும் இடத்தில் நரம்பு ஒரு விரல்கடை பக்கவாட்டில் நகர்ந்தது, அவ்வளவுதான். ராடைத் தாழ்த்தித் தளர்வைச் சுருட்டி ஓங்கி இழுத்தேன். அந்தக் கனம் மரத்தின் கனம் இல்லை. மீன் வேருக்குள் நுழையப் பார்த்தது. வழிகாட்டி படகைப் பின்னால் நகர்த்திக்கொண்டே "தலையை மேலே தூக்குங்க சார், தூக்குங்க" என்றார். தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வாயைத் திறந்து தலையை உதறியபோது என் முஷ்டி முழுசாக உள்ளே போகும்போல இருந்தது அந்த வாய்.

கையை நனைத்துக்கொண்டுதான் மீனைத் தொட வேண்டும். உலர்ந்த கை பட்டால் உடம்பின் மேலிருக்கும் வழவழப்பு உரிந்து நோய் பிடிக்கும். கீழுதட்டைக் கட்டைவிரலால் பிடித்து, இன்னொரு கையை வயிற்றுக்கு அடியில் கொடுக்க வேண்டும். வாயை மூடி, வாலை ஒடுக்கிப் பலகையில் வைத்து அளந்தார் வழிகாட்டி. இருபது அங்குலம். அளந்த சூட்டோடு தண்ணீரில் இறக்கிவிட்டார்.

ஃபோர்க் ஏரியின் சட்டம் அப்படி. 16 அங்குலத்துக்கும் 24 அங்குலத்துக்கும் நடுவே இருக்கிற பாஸ் எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது. 16 வரை உள்ளதை எடுக்கலாம். 24-ம் அதற்கு மேலும் என்றால் நாளொன்றுக்கு ஒன்றே ஒன்று. எல்லாம் சேர்த்து ஐந்துக்கு மேல் போகக் கூடாது. நன்றாக முட்டையிடுகிற வயதில் இருப்பதும், நாளைக்குப் பத்துப் பவுண்டைத் தாண்டப்போவதும் இந்த நடு மீன்தான். அதைக் காப்பாற்றினால் ஏரி தன்னால் நிறையும்.

நான் எதிர்பார்க்காதது அடுத்து நடந்தது. மருமகன் பதினாலு அங்குல மீன் ஒன்றைப் பிடித்து விடப்போனார். "அதை எடுத்துட்டுப் போங்க. சின்னது குறைஞ்சாத்தான் மத்தது வேகமா வளரும்" என்று தடுத்தார் வழிகாட்டி. பாஸைச் சாப்பிடுவதே பாவம் என்று நினைக்கிற தூண்டில்காரர்கள் அமெரிக்காவில் நிறைய. ஆனால் இப்படி நடுவைக் காக்கும் ஏரிகளில் சின்னதை ஓரளவு எடுப்பது நல்லது என்றுதான் மீன்வளத் துறையினரும் சொல்கிறார்கள். அப்படி இரண்டு மீன் வீட்டுக்கு வந்தன. மகள் புளி கரைத்துக் குழம்பு வைத்தாள். வெள்ளைச் சதை, உதிராமல் நிற்கிறது, முள் குறைவு. வறுவலைவிடக் குழம்புக்கே பொருத்தம்.

அடுத்த வாரம் ஆத்தென்ஸில் இருக்கும் டெக்சஸ் நன்னீர் மீன்வள மையத்துக்குப் பேரனைக் கூட்டிப்போனோம். 1986-இல் மார்க் ஸ்டீவன்ஸ் என்பவர் ஃபோர்க்கில் 17.67 பவுண்டு பாஸ் ஒன்றைப் பிடித்தார். எத்தல் என்று அதற்குப் பெயர். அந்த மீனிலிருந்துதான், பெரிய மீனை உயிரோடு கொடுத்தால் இனப்பெருக்கத்துக்கு வைத்துக்கொள்ளும் திட்டம் தொடங்கியது. இப்போது ஜனவரியிலிருந்து மார்ச் முடிய 13 பவுண்டோ அதற்கு மேலோ பிடிக்கிறவர்கள் மாநில வனவிலங்குத் துறைக்குத் தொலைபேசியில் சொன்னால் ஆள் வந்து வாங்கிக்கொள்கிறார். குஞ்சுகள் ஏரிகளுக்குத் திரும்பிப் போகின்றன. எத்தல் மிசௌரி மாநிலத்தில் ஒரு கடையின் கண்ணாடித் தொட்டியில் 1994 வரை வாழ்ந்தது.

நம் ஊர்க் குளங்களில் மீன்பாசிக் குத்தகை விடுகிறோம். எடுத்தவர் போட்ட பணத்தை எடுக்க வேண்டும் என்பதால் தண்ணீர் வற்றும்போது அரித்துப் பிடித்துவிடுகிறார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, ஏலத்தின் கணக்கே அப்படி. ஆனால் வற்றாத குளங்களும் நீர்த்தேக்கங்களும் நம்மிடமும் இருக்கின்றன. விராலுக்கு இந்த அளவுக்குக் கீழே, இந்த அளவுக்கு மேலே என்று ஒரு விதியும், குஞ்சோடு திரியும் காலத்தில் பிடிக்காமலிருக்கக் கொஞ்ச நாள் விடுப்பும் ஒரே ஒரு குளத்திலாவது வைத்துப் பார்க்கலாம். செலவு ஒரு அளவுகோல்தான்.

டாலஸ் பக்கம் போகிறவர்களுக்கு: வசந்தத்தில் ஃபோர்க் வழிகாட்டிகள் கிடைப்பது கஷ்டம், முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கோடையில் போனால் விடிகாலையிலும் அந்தியிலும் மட்டும் பாசி மேல் ரப்பர் தவளையை இழுங்கள். வெயில் ஏறினதும் மீன் ஆழத்து மேடுகளுக்குப் போய்விடும். இலையுதிர் காலத்தில் சிறுமீன் கூட்டம் ஓடை முகங்களுக்குள் ஏறும், பாஸ் அதன் பின்னாலேயே வரும். சொந்தப் படகென்றால் கிளம்பும்போது தண்ணீரை முழுக்க வடித்துவிடுங்கள். வரிக்குதிரைச் சிப்பி ஒரு ஏரியிலிருந்து இன்னொன்றுக்குப் பரவுவது அந்தத் தண்ணீரில்தான். டெக்சஸில் அது சட்டமும்கூட. அளவுப் பலகையை மறக்காதீர்கள்.