விழாமல் வந்தவர்

(பி.எஸ்ஸி. இயற்பியல், இரண்டாம் ஆண்டு)

மீன் கூடையில் கிடக்கும் உடைத்த ஐஸ்தான் நான் அறிந்த பனிக்கட்டி. அதன்மேல் மனிதர்கள் பந்தயம் விடுகிறார்கள் என்பதை விடுதி நண்பன் கைப்பேசியில் காட்டியபோது வியந்து போனேன். ஆம் நண்பர்களே! குறுந்தடச் சறுக்குப் பந்தயம் என்பது அதன் பெயர். ஒரு சுற்று 111 மீட்டர். ஒன்பது விநாடியில் சுற்றிவிடுகிறார்கள்! வளைவின் ஆரம் எட்டு மீட்டர் என்று வைத்துக் கணக்கிட்டேன். மையநோக்கு முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல ஏறக்குறைய இரு மடங்கு! அதனால்தான் கை பனியைத் தொடுமளவு சாய்கிறார்கள். ஒருவர் வழுக்கினால் பக்கத்திலிருப்பவரும் போக வேண்டியதுதான்.

நான் கண்டது 2002ஆம் ஆண்டு சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்கின் 1000 மீட்டர் இறுதிப் போட்டி. கடைசி வளைவில் அமெரிக்காவின் ஓனோ, சீனாவின் லி ஜியாஜுன், கொரியாவின் ஆன் ஹியூன் சூ, கனடாவின் டர்காட் நால்வரும் சரிந்தனர். வெகு பின்னால் வந்த ஆஸ்திரேலியர் ஸ்டீவன் பிராட்பரி கைகளை உயர்த்தியபடி கோட்டைக் கடந்தார். தென் அரைக்கோள நாடொன்று குளிர்கால ஒலிம்பிக்கில் பெற்ற முதல் தங்கம் அது!

"குருட்டு யோகம்டா!" என்று அறையே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். இடம் கிடைத்த அன்று ஊரிலும் "யோகம் அடிச்சிருக்கு" என்றுதான் சொன்னார்கள். விடியற்காலை நான்கு மணிக்கு என்னை எழுப்பிவிட்டுத் தானும் தூங்காமல் உட்கார்ந்திருந்த அம்மாவைப் பற்றி யாரும் பேசவில்லை. ஆகவே இந்த மனிதரின் கதையைத் தேடிப் படித்தேன்.

1991இல் உலகப் பட்டம் வென்ற தொடர் பந்தய அணியில் அவர் இருந்தார். 1994 லில்லெஹாமர் ஒலிம்பிக்கில் அணிக்கு வெண்கலம். அதே ஆண்டு மான்ட்ரியாலில் இன்னொரு வீரரின் காலணிக் கத்தி தொடையில் பாய்ந்தது. நான்கு லிட்டர் இரத்தம் போயிற்று; 111 தையல்கள். (தடத்தின் நீளமும் 111 அல்லவா!) 2000இல் பயிற்சியில் தடுப்பில் மோதிக் கழுத்து முள்ளெலும்புகள் இரண்டு முறிந்தன. இனிச் சறுக்க வேண்டாம் என்றனர் மருத்துவர்கள். பிழைப்புக்குச் சறுக்குக் காலணிகள் செய்துகொண்டிருந்தார். ஓனோவுக்கும் காலணி கொடுத்தவர் அவரே!

28 வயதில் வேகத்தில் மற்றவர்களுக்கு ஈடு கொடுக்க முடியாது என்பது அவருக்கே தெரியும். எனவே சற்று விலகி, விழாமல் வருவதென்று பயிற்சியாளருடன் பேசி முடிவு செய்தார். காலிறுதியில் மூன்றாவதாக வந்தும், முன்னே வந்த கனடா வீரர் நீக்கப்பட்டதால் தேறினார். அரையிறுதியிலும் முன்னே சென்றவர்கள் விழுந்தார்கள். அதிர்ஷ்டமே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. அந்த ஒன்றரை நிமிடத்துக்காக அல்ல, அதற்கு முந்தைய பத்தாண்டு உழைப்புக்காகவே பதக்கத்தை ஏற்றதாக அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

எதிர்பாராமல் ஒருவர் வென்றுவிட்டால் 'பிராட்பரி செய்துவிட்டார்' என்பது ஆஸ்திரேலியாவில் வழக்குச் சொல்லாகவே ஆகிவிட்டது. அது புகழ்ச்சியா, கேலியா என்று எனக்குப் பிரித்தறியத் தெரியவில்லை.